புளிப்பின் வகையறிதல்: குளிர்நிலத்து முந்திரிகை மதுவைப் பற்றிச் சில குறிப்புகள்

இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே மதுவைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ என அன்பர் சிலர் புருவம் நெறித்தல் கூடும். கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்துவரும் யாமே இப்பொருளைக் கையிலெடுத்தமை அவர்க்கு மேலும் வியப்பை விளைக்கலாம். ஆயின் யாம் இங்குக் கூறவந்தது குடித்தலைப் பற்றியதன்று, சுவைத்தறிதலைப் பற்றியது. சுவைத்தறிதலைத் தொழிலாகக் கொண்டோர் வாயிற்கொண்ட மதுவை விழுங்குவதில்லை, உமிழ்ந்துவிடுவர். கொழும்பிலே தேயிலையின் தரங்காண்போர் செய்வதும் இதுவே. முற்பகலொன்றில் முப்பது வகை மதுவைச் சோதிக்கவேண்டியவன் ஒவ்வொன்றையும் விழுங்குவானாயின், பத்தாவது கிண்ணத்திலேயே அவனுடைய தீர்ப்புத் தள்ளாடத் தொடங்கிவிடும்!

இதனை எமக்குக் கற்பித்தவர் எம்மிடந் தமிழ் கற்ற பழைய மாணவர் ஒருவர். பாரிசு நகரத்து உணவுச்சாலையொன்றிற் பாத்திரங் கழுவுபவராகத் தொழில் தொடங்கிய அவர், இன்று எவ்வுணவுக்கு எந்த வைன் பொருந்தும் என வருவோர்க்கு எடுத்துரைத்துப் பரிமாறும் நிலைக்கு உயர்ந்துள்ளார். இத்தொழிலுக்குரிய தேர்வில் முதன்முறை அவர் தோற்றுவிட்டார். வகுப்பிலே மனனத்திற் குறைவில்லாத பிள்ளையாயிற்றே எனக் காரணம் வினாவினோம். “சேர், சொல்லுகளை எல்லாம் பாடமாக்கினன், அந்தப் பழங்களை நான் ஒருநாளும் வாயில வைச்சதில்லை” என்றார். தாம் உண்டறியாத சீமைப் பழங்களின் பெயர்களைக் கிண்ணந்தோறும் ஒப்புவித்த அவரை, சோதகர் இரண்டொரு வினாக்களிலேயே கண்டுகொண்டனராம். மனனம் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை எம் போன்ற ஆசிரியர் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது.

மறுமுறை அவர் வேறு வழியைக் கைக்கொண்டார். சுவைத்ததை முதலிலே தமக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லாற் குறித்துவைத்து, அதன் பின்னரே அதற்கேற்ற பிரெஞ்சுச் சொல்லைத் தேடினார், தேறினார். 2024 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் யாம் பாரிசுக்குச் சென்றிருந்தபோது, அக்குறிப்பேட்டுடன் எம்மைச் சாப்ளி என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார்.

சாப்ளி, பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவில், செரேன் என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ளது. பேர்பெற்ற பேர்கண்டி மாகாணத்தின் வடகோடி அது. அங்கே சாப்ளி என்னும் பெயரோடு விற்கப்படும் மது அனைத்தும் வெள்ளை மதுவே; அது சாடனே என்னும் ஒரேயொரு முந்திரிகை இனத்திலிருந்தே ஆக்கப்படல் வேண்டுமென்பது 1938 இல் ஏற்பட்ட சட்டம். உயர்குலத்தது எனப் போற்றப்படும் இச்சாடனேயின் பிறப்பை 1999 இல் மரபணு ஆய்வாளர் வெளிப்படுத்தினர். தந்தையும் தாயுமாய் அமைந்த இரண்டனுள் ஒன்று புகழ்பெற்ற கருமுந்திரிகையான பினோ நுவார்; மற்றையது எவரும் மதியாத, குடியானவர் வளர்த்த குவே பிளான் என்னும் மட்டரகக் கொடி. குலப்பெருமை பேசுவோர் இதனை உளங்கொள்வாராக.

சாடனே தனக்கென முனைப்பான மணம் உடையதன்று. வளர்ந்த நிலமும் வடித்தவன் கையும் எவ்வாறோ, அவ்வாறே அது சுவைக்கும். முந்திரிகைக் காய் பழுக்குங்கால் அதன்கண் வெல்லம் ஏறும், அமிலம் இறங்கும். காயிலுள்ள அமிலங்களுள் ஒன்றாகிய மலிக்கமிலத்தைப் பழம் தன் சுவாசத்திற் செலவழித்துவிடுகின்றது. வெயில் மிகமிக அச்செலவு விரைவுபடும். வெப்பநிலங்களிலே பழுத்த சாடனேயில் அன்னாசியும் பழுத்த மாம்பழமும் மணக்கும். வெல்லம் மிகுதியாதலின் நொதித்தபின் மதுசாரமும் மிகும். சாப்ளி போன்ற குளிர்நிலத்திலோ வெல்லம் மெல்லமெல்ல ஏறும். இரவின் குளிர் அமிலத்தைக் காத்துவைக்கும். ஆகவே அம்மது மெலிந்தும் கூர்மையாயும் இருக்கும். இதனால் வெப்பநிலத்து மது தாழ்ந்தது என்று கொள்ளற்க. 1976 இல் பாரிசிலே பெயர் மறைத்து நடத்தப்பெற்ற சோதனையில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்ணியாவின் 1973 ஆம் ஆண்டுச் சாடனே ஒன்றினை வெள்ளை மதுக்களுள் முதலாவதாக வைத்தனர். இரண்டும் வெவ்வேறு அழகு என்பதே உண்மை.

குளிர்நிலத்துச் சாடனேயின் அழகு அதன் புளிப்பிலே இருக்கின்றது. இதனைக் கேட்ட அளவில் யாம் நகைத்தோம். புளிப்பு என்பது மதுவுக்குக் குற்றமன்றோ எனவும் வினாவினோம். மாணவர் தம் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். அதில் ‘புளிப்பு’ என்ற தலைப்பின் கீழ் நான்கு சொற்கள் இருந்தன: புளி, மாங்காய், தேசிக்காய், மோர்.

இந்நான்கும் ஒரே புளிப்பல்ல என்பது எம் வீட்டு அடுக்களைக்கு நன்கு தெரியும். மீன்குழம்பிற்குப் புளி விடுபவர் சொதிக்குத் தேசிக்காயையே பிழிவர். மாற்றினால் உண்பவர் முகமே காட்டிக்கொடுக்கும். வேதியியலார் இவற்றை வெவ்வேறு அமிலங்களாகப் பிரித்துரைப்பர். தேசிக்காயிற் சித்திரிக்கமிலம் மிகும். மாங்காயின் கூர்மையிற் சித்திரிக்கமிலத்தோடு மலிக்கமிலமும் பங்குகொள்ளும். பச்சை அப்பிளின் புளிப்பும் அம்மலிக்கமிலத்தாலானதே. மோரில் இருப்பது இலத்திக்கமிலம். புளியிலே சிறந்து நிற்பது தாத்தாரிக்கமிலம். முந்திரிகையின் தலையாய அமிலமும் அதுவே. இதனை அறிந்தபோது எமக்குண்டான மகிழ்ச்சி சிறிதன்று. பிரெஞ்சுக்காரர் பெரிதும் போற்றும் மதுவின் முதுகெலும்பும் எம் அன்னையர் குழம்பிற் கரைத்துவிடும் புளியின் சாரமும் ஒன்றே!

இனி, மாங்காய் மோராகும் விந்தையொன்று மதுத்தொட்டியிலே நிகழ்கின்றது. மதுவம் வெல்லத்தை மதுசாரமாக மாற்றிய பின்னர், ஒருவகைப் பற்றீரியாக்கள் மலிக்கமிலத்தை இலத்திக்கமிலமாக மாற்றுகின்றன. மாங்காயின் வெட்டு மறைந்து, மோரின் மென்மை தோன்றும். இடையிற் பிறக்கும் ஒரு பொருளால் வெண்ணெய் மணமும் எழும். இம்மாற்றத்தை நிகழவிடுவதா, தடுப்பதா, எவ்வளவிற்கு விடுவது என்பதெல்லாம் ஆக்குவோன் விருப்பம். புதிய ஓக்கு மரப்பீப்பாவில் வைப்பின் வனிலா மணமும் சுட்ட பாணின் மணமும் சேரும். சாப்ளியிற் பலர் உருக்குத் தொட்டியையே விரும்புகின்றனர். மரம் பேசத் தொடங்கினால் நிலத்தின் குரல் கேளாது என்பது அவர்தம் கருத்து. எமக்கும் அதுவே சரியெனப் பட்டது. ஆயினும் முப்பது வகை தானும் சுவைத்தறியாத எம் தீர்ப்பிற்குப் பெரும் நிறை கொடுத்தல் வேண்டா.

சுவைத்தறியும் முறை சிக்கலானதன்று. கிண்ணத்தில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவாக மதுவை வார்த்து, வெள்ளைத் துணியின் மேற் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். இளஞ் சாப்ளி வெளிறிய பொன்னிறமாய், ஓரத்திற் சிறிது பசுமை ஓடித் தோன்றும். பின்பு கிண்ணத்தை அசையாது ஒருமுறை முகர்ந்து, சுழற்றி மீண்டும் முகர்தல். அதன்பின் ஒரு மிடறு கொண்டு, வாயினுள்ளே சிறிது காற்றை உறிஞ்சி, நாவெங்கும் பரப்பி, உமிழ்ந்துவிடல். வேலை உமிழ்ந்த பின்னரே தொடங்குகின்றது என்பார் எம் மாணவர். தாடையடியில் நீர் ஊறுகின்றதா? எவ்வளவு நேரம் ஊறுகின்றது? ஊறி நின்றபின் வாய் கசக்கின்றதா, தெளிகின்றதா? நல்ல சாப்ளி வாயைத் தெளிய வைத்து, அடுத்த கவளத்தை நாடச் செய்யும். சிப்பியிறைச்சியோடும் மீனோடும் அதனைப் பரிமாறுவதன் காரணம் இதுவே. மீனுக்குத் தேசிக்காய் பிழியும் எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதுவின் குளிர்ச்சி 10 முதல் 12 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. பனிக்கட்டியில் நெடுநேரம் புதைத்துவைத்தால் மணம் அடங்கிப் புளிப்பு மட்டுமே தனித்து நின்று குத்தும். குறைபாடுள்ள மதுவை மிகக் குளிர்வித்துத் தள்ளிவிடும் உணவுச்சாலைகளும் உண்டாம்.

கண்ணை நம்பிவிடலாகாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. போர்தோ நகரில் வைனியல் பயின்ற மாணவர் 54 பேருக்கு, வெள்ளை மதுவிலே மணமற்ற செஞ்சாயமிட்டுக் கொடுத்தனர். அவர்கள் செம்மதுவுக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். 2001 இல் வெளியான இவ்வாய்வு பலரை நாணச் செய்தது. நாவுக்கு முன்னே கண் தீர்ப்புக் கூறிவிட, சொல் அதன் பின்னே ஓடிவிடுகின்றது.

சாப்ளியின் சிறப்பனைத்தும் அதன் மண்ணிலே உள்ளது என அவ்வூரார் உறுதியாகக் கூறுவர். அங்குள்ள சுண்ணக்கல்லும் களியும் ஏறத்தாழப் பதினைந்து கோடி ஆண்டுகட்கு முன் கடலடியிற் படிந்தவை. கையளவு மண்ணைக் கிளறினாலும் நகத்தினுஞ் சிறிய சிப்பிகளின் உயிர்ச்சுவடுகள் அகப்படும். உயர்தரமென விதிக்கப்பட்ட ஏழு தோட்டங்களும் ஆற்றின் வலக்கரையில், தென்மேற்கு நோக்கிய ஒரே சரிவில், ஏறத்தாழ 100 எக்டேர் நிலத்தில் அடங்கிவிடுகின்றன. அம்மதுவிலே ஈரக்கல்லின் மணமும் சிப்பியோட்டின் மணமும் உண்டென்பதைச் சுவைத்தோர் பலர் ஒருமுகமாய்க் கூறுகின்றனர். ஆயின் கல்லின் சுவை வேர்வழியேறிப் பழத்திற் சேர்வதில்லை என்று மண்ணியலார் மறுக்கின்றனர். வேர் உறிஞ்சும் கனியுப்புகள் சுவை தரும் அளவினவல்ல என்பது அவர் வாதம். கல்லின் மணத்தை யாமும் கண்டோம். அது கல்லிலிருந்து வந்ததென்று சாதிக்க முன்வரோம்.

அந்தக் குளிரே சாப்ளிக்கு இன்று பகையுமாகின்றது. முன்னரும் அது பகையாயிருந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்ப்பூச்சியும், பின்னர்ப் போர்களும், இளவேனிற் பனியும் தாக்கியமையால், 1950களிலே சாப்ளித் தோட்டங்கள் ஏறத்தாழ 500 எக்டேராகச் சுருங்கிக் கிடந்தன. இன்று அவை 5,000 எக்டேருக்கும் மேலாகப் பரந்துள்ளன. ஆயின் பங்குனி முன்னையினும் வெப்பமாகிவிட்டதாற் கொடிகள் விரைந்து துளிர்க்கின்றன. சித்திரைக்கு முன் வரும் உறைபனி அத்துளிரைக் கருக்குகின்றது. 2021 ஏப்பிரல் முதல் வாரத்தில் இவ்வாறு நேர்ந்தது. அவ்விரவுகளிற் கொடிவரிசைகளுக்கிடையே மெழுகுத் தீபங்களை ஏற்றிவைப்பர். அன்றேல் துளிர்மீது ஓயாது நீர் தெளிப்பர். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம், பனிக்கட்டியின் உள்ளேயிருக்கும் துளிரைக் காக்கின்றது. தெளிப்பு ஒரு நாழிகை நின்றாலும் எல்லாம் போயிற்று. யாம் சென்ற 2024 இலோ, மே மாதம் முதலாந் தேதி ஆலங்கட்டி மழை அடித்த வடு கொடிகளில் இன்னுங் காணப்பட்டது. முன்னர்ப் புரட்டாதியின் பிற்பகுதியில் நிகழ்ந்த அறுவடை, அண்மைய ஆண்டுகள் சிலவற்றில் ஓகஸ்ட் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. பழம் விரைந்து பழுப்பின் வெல்லம் ஏறும், புளிப்பு இறங்கும். புளிப்பிழந்த சாப்ளியைச் சாப்ளி என்பதெவ்வாறு என அங்கே ஒரு முதியவர் எம் மாணவரிடம் பிரெஞ்சிலே வினாவினார். அவர் தந்தையும் பாட்டனும் போதிய வெயிலில்லையென வருந்தியவர்களாம்.

மாலையில், நிலவறையொன்றின் வாயிலில் இறுதிக் கிண்ணத்தை முகர்ந்தபடி, இந்த ஈரக்கல் மணத்திற்குத் தமிழில் என்ன சொல் எழுதுவது என மாணவர் எம்மைக் கேட்டார். அப்பக்கத்தில் அவ்விடம் நெடுநாளாக வெறுமையாயிருந்தது. மண்வாசனை என்றோம், அது மண்ணுக்குரியது, இது கல் என மறுத்தார். யாம் மீண்டும் முகர்ந்தோம். எமது ஊரும் சுண்ணக்கல்லின் மேல் இருப்பதுதானே என எண்ணியபோது, வெயில் காய்ந்த கிணற்றுக்கட்டின்மேல் முதல் வாளித் தண்ணீர் சிந்தும் வேளை நினைவுக்கு வந்தது. அதனைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் ‘கிணற்றுக்கட்டு’ என்று எழுதிக்கொண்டார்.