எழுதிய உயிலை எப்போது மாற்றுவது?

திருநெல்வேலி பேட்டையில் ஒரு வீடு, சுத்தமல்லிப் பக்கம் கொஞ்சம் வயல். இவ்வளவுதான் சொத்து. 1995-ல் ஒருவர் உயில் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். வீடு மூத்தவனுக்கு, வயல் இளையவனுக்கு, மகளுக்குக் கல்யாணத்தில் போட்ட நகையே போதும். அதற்குப் பிறகு வயலை விற்றுக் கடனை அடைத்தார். மூத்தவன் துபாயில் தங்கிவிட்டான். தகப்பனாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மகள்தான். பீரோவில் இருக்கும் உயிலில் மட்டும் ஒரு எழுத்தும் மாறவில்லை.

அவர் அப்படியே கண்ணை மூடினால் வீடு துபாய்க்காரருக்குப் போகும். விற்றுப்போன வயலுக்கு ஈடாக இளையவருக்கு எதுவும் வராது. மகளுக்கு ஒன்றுமே இல்லை. அந்தத் தகப்பனார் மனதறிந்து இப்படிச் செய்திருக்கமாட்டார். ஆனால் கோர்ட் பார்ப்பது காகிதத்தைத்தான்.

பெரிய மனிதர்கள் வீட்டிலும் இதுதான் கதை. பாகிஸ்தானை நிறுவிய முகம்மது அலி ஜின்னா 1939 மே 30-ல் எழுதிய உயிலில், மிச்சச் சொத்தை அலிகார் பல்கலைக்கழகம், பெஷாவர் இஸ்லாமியாக் கல்லூரி, கராச்சி சிந்து மதரஸா ஆகிய மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்தார். 1947-ல் நாடு இரண்டானது. அலிகார் இந்தியாவிலேயே நின்றது. அதற்குப் பிறகும், 1948 செப்டம்பரில் இறக்கும்வரை, அந்தப் பங்கீட்டை அவர் மாற்றவில்லை. பம்பாய் மலபார் ஹில்லில் இருந்த அவருடைய பங்களாவுக்கு உரிமை கேட்டு அவர் மகள் தினா வாடியா 2007-ல்கூட உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

திருத்துவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, புத்தி தெளிவாக இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் உயிலை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். “இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்” என்ற வரியோடு புதிதாக எழுதுவதே சிக்கல் இல்லாத வழி. பழையபடியே இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்த பழைய உயிலைப் பதிவு செய்யாத புதிய உயில் முறியடிக்கும். ஆனாலும் முதல் உயில் பதிவாகியிருந்தால் அடுத்ததையும் பதிந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பழையதன் சான்றிட்ட நகலை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பலரும் சறுக்குவது பேனாவில்தான். மகன் பெயரை அடித்துவிட்டு மேலே மகள் பெயரை எழுதி, ஓரத்தில் ஒரு கையெழுத்து. இது செல்லாது. அந்தத் திருத்தத்துக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும்.

சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. பயமே வேண்டாம். உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகின்றன, வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் கொடுக்கமாட்டார்கள்.

மூன்று சமயத்தாரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் ஊர் திருநெல்வேலி, ஆனால் சட்டம் மூவருக்கும் ஒன்றில்லை. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர் ஒருவர் கல்யாணத்துக்கு முன் உயில் எழுதியிருந்தால், தாலி கட்டிய அன்றே அது செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அப்படி இல்லை. பேட்டையின் இஸ்லாமியக் குடும்பங்களில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுத்தாலோ, வாரிசுகளில் ஒருவருக்கே எழுதினாலோ மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். விவாகரத்து ஆனால் பழைய உயில் தானாக ரத்தாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. அதையும் எழுதித்தான் மாற்ற வேண்டும்.

உயிலுக்குப் பதில் ‘செட்டில்மென்ட்’ எழுதச் சொல்லிப் பிள்ளைகள் நெருக்குவது இப்போது அதிகம் காதில் விழுகிறது. கையெழுத்துப் போடுமுன் பெரியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயில் அவர் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும், அதுவரை சொத்து அவர் கையில்தான். செட்டில்மென்டில் சொத்து உடனே கைமாறிவிடும். மனம் மாறினால் தாமாக ரத்து செய்ய முடியாது. கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதியிருந்து, பிள்ளைகள் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துச் சொத்தைத் திரும்பக் கேட்கலாம்.