சுவரில்லாத கூடத்துக்கு என்ன விரிப்பு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நெருங்கும் நாட்களில் பழைய தெருக்களில் உள்ள வீடுகளைப் பார்க்க வேண்டும். வெளியூர் உறவினர்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்கியிருப்பார்கள். கூடத்தில் ஒரு பெரிய ஜமக்காளம். அதில் வந்த விருந்தினர். தாழ்வாரத்தில் கோரைப்பாய், அதில் தூங்கும் குழந்தைகள். உள்ளே நீளமான பந்திப்பாய். அதன் முன்னே இலை. பூஜை மாடத்துக்கு எதிரே ஒரே ஒரு தடுக்கு. அது வீட்டுப் பெரியவருக்கு.

ரேழியைத் தாண்டினால் முற்றம், தாழ்வாரம், கூடம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று திறந்தே கிடக்கும் வீடு அது. நடுவில் கதவும் இல்லை, சுவரும் இல்லை. ஆனாலும் எங்கே உட்காருவது, எங்கே செருப்புக் காலுடன் போகக் கூடாது என்று வந்தவர் யாரும் திகைப்பதில்லை. தரையில் விரித்திருப்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தென்மேற்கே ராஜபாளையம். மலையடிவாரத்தில் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து நூலும் துணியுமே அந்த ஊரின் பேச்சு. இன்று அங்கே எழும் புது வீடுகளில் பலவற்றிலும் முன் கதவைத் திறந்தால் ஒரே நீள ஹால். இந்தக் கோடியில் சோபா, அந்தக் கோடியில் சாப்பாட்டு மேஜை, அதற்கப்பால் அடுப்பங்கரை மேடை. எல்லாம் ஒரே பார்வையில் தெரிகின்றன. இதற்கு மேல்நாட்டுப் பெயர் சொல்கிறார்கள். ஆனால் முற்றம் வைத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. போனது தூணும் படியும்தான். தூணும் போய், படியும் போய், தரை முழுவதும் ஒரே வழுவழுப்பான டைல்ஸ் ஆனபோதுதான் சங்கடம் ஆரம்பமாயிற்று.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகனுக்கு ராஜபாளையத்தில் மில் உத்தியோகம். கடன் வாங்கிக் கட்டிய புது வீடு. ஹால் இருபத்தெட்டு அடி நீளம், பதினான்கு அடி அகலம். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் எழுபது வயது வரை தூணோரம் சாய்ந்து உட்கார்ந்து பழகிய தாயாரை அழைத்து வந்திருக்கிறார்கள். மருமகள் நல்ல மனத்தோடு கேட்கிறாள்:

"அத்தை, உங்களுக்கு எங்கே உட்கார்ந்தால் வசதியாக இருக்கும்?"

"எனக்கென்னம்மா, ஒரு ஓரம் போதும்."

"இந்த ஹாலில் ஓரம் எது என்றே தெரியவில்லையே, அத்தை!"

விரிப்பு வாங்கும் பிரச்னை முழுவதும் இந்தப் பேச்சில் இருக்கிறது. வாசலில் நிற்பவர்கள் பாராட்ட வேண்டும் என்பதற்காக வாங்குவது ஒரு வகை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம் வகுத்துக் கொடுப்பதற்காக வாங்குவது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

தபால்தலை விரிப்பு

பெரும்பாலோர் செய்யும் தவறு, அளக்காமல் கடைக்குப் போவது. கடையில் சுருட்டி வைத்திருக்கும்போது பெரிதாகத் தெரிந்த கம்பளம், வீட்டில் விரித்ததும் கடிதத்தின் மூலையில் ஒட்டிய தபால்தலை மாதிரி ஆகிவிடும். (ராஜபாளையத்து நாய்க்கே 2005-ல் தபால்தலை வெளியாயிற்று, அது வேறு பெருமை.) சோபா ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம், நடுவில் யார் காலும் படாமல் ஒரு சின்னக் கம்பளம் கிடந்தால் அது எதையும் சேர்க்காது, எதையும் பிரிக்காது. சோபாவின் முன்னங்கால்களாவது விரிப்பின் மேல் ஏறி நிற்க வேண்டும். எதிரே போடும் நாற்காலிக்கும் அதே விதி. அப்போதுதான் அங்கே உட்காருகிறவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

நாம் சொன்ன ஹாலுக்குக் கணக்கு இப்படி வரும். வாசல் கதவிலிருந்து நான்கு அடி வெறும் தரை. பிறகு ஒன்பதுக்கு ஆறு அடியில் உட்காரும் இடத்து விரிப்பு, நீளவாக்கில். அடுத்து மூன்று அடி நடைபாதை. அதற்கப்பால் சாப்பாட்டு மேஜைக்கு ஒன்பது அடி. கோடியில் மூன்று அடி மிச்சம். கூட்டிப் பாருங்கள், இருபத்தெட்டு.

மேஜைக்கு ஏன் ஒன்பது அடி? மேஜை ஐந்துக்கு மூன்று என்றால், நாற்காலியைப் பின்னுக்கு இழுக்க ஒவ்வொரு பக்கமும் இரண்டடி வேண்டும். ஆகவே ஒன்பதுக்கு ஏழு. அதைவிடச் சிறிதாக விரித்தால் நாற்காலியின் பின்னங்கால் ஒவ்வொரு வேளையும் விளிம்பில் சிக்கும். மேல்நாட்டுப் புத்தகங்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் அந்த மேஜையில் சாம்பாரும் ரசமும் பரிமாறுவதில்லையே! நம் வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கடியில் விரிப்பே வேண்டாம் என்பதுதான் சரியான யோசனை. கீழே சிந்திய பருக்கையைத் துடைப்பத்தால் தள்ளி, ஈரத்துணியால் துடைத்துவிட முடியாத எந்த விரிப்பும் அங்கே ஒரு வாரம் தாங்காது. அந்த ஒன்பது அடியை வெறும் தரையாக விட்டாலும் இடம் பிரிந்துதான் தெரியும். ஒரு பக்கம் விரிப்பு, மறுபக்கம் வெறும் தரை என்பதும் ஒரு பிரிவுதானே.

ஊஞ்சல் உள்ள வீடானால் அதற்கும் இதே தீர்ப்பு. தரையை எட்டி உந்தும் கால், விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிவிடும்.

பாயா, ஜமக்காளமா?

கம்பளி முடிச்சுக் கம்பளங்களின் அழகைக் குறை சொல்வதற்கில்லை. காச்மீரத்திலும், உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலும் கைவிரலால் முடிச்சிட்டு நெய்கிறவை அவை. ஆனால் குளிர் நாட்டுக்கு ஏற்ற பொருளைச் சித்திரை வெயிலில் ராஜபாளையத்து ஹாலில் விரித்தால், பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்ததுபோல் ஆகும். விலையும் அதிகம். பிளாஸ்டிக் இழையில் இயந்திரம் நெய்யும் கம்பளங்கள் மலிவு, கழுவவும் எளிது. வெறும் காலுக்கும் வெறும் உடம்புக்கும் அவை இதமாக இருப்பதில்லை என்பதுதான் குறை. நம் ஊரில் விரிப்பு என்பது சோபாவுக்குக் கீழே கிடக்கும் பொருள் மட்டுமல்லவே. மத்தியானம் தலையணையைப் போட்டுப் படுப்பதும் அதிலேதான்.

ஆகவே பவானி ஜமக்காளத்துக்கு வருவோம். காவிரியும் பவானியும் கூடுகிற ஊர். சீமை மில் துணி வந்து குவிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அங்கே ஜங்கமர் என்ற நெசவாளர்கள் முரட்டு வண்ண நூலைத் தறியில் ஏற்றி இந்தப் பட்டைப் பட்டையான விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள். மெல்லிய துணியில் மில்லோடு போட்டி போட முடியாதவர்கள், தடித்த துணியில் பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள். அது தமிழ்நாட்டுக் கல்யாணங்கள் அத்தனைக்கும் ஆசனமாயிற்று. 2005-06ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1985-ம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் நெய்த போலிகள் பவானியின் பெயரிலேயே கடைக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜமக்காளத்தில் ஊடை நூலே பாவை மூடி நிற்கும். அதனால் வண்ணப் பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன. நீள ஹாலுக்கு இது ஒரு வரப்பிரசாதம். ரயில்பெட்டி போல நீண்டு கிடக்கும் ஹாலில் பட்டைகள் குறுக்காக அமையும்படி விரித்தால் நீளம் கொஞ்சம் குறைந்தாற்போல் தோன்றும். பட்டைகள் நீளவாக்கில் ஓடினால் பெட்டி இன்னும் நீளும்.

அடுத்தடுத்த இடங்களில் இரண்டு விரிப்புகள் போடுவதானால், இரண்டும் சத்தம் போடக் கூடாது. ஒன்று பல வண்ணப் பட்டை என்றால், அதிலுள்ள ஒரு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்று அமைதியாக இருக்கட்டும். சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடும் ஜமக்காளத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில் மட்டும் சிவப்புக் கரை வைத்த பாய் ஒன்று கிடந்தால், இரண்டும் ஒரே குடும்பம் என்று கண் புரிந்துகொள்ளும். இரண்டையும் ஒரே மாதிரி ஜோடியாக வாங்குவதும் ஒரு வழிதான். ஆனால் அது கல்யாண மண்டபத்து நினைவைத் தரும்.

பாய் என்றதும் தெற்கே நூறு கிலோமீட்டர் அளவில் உள்ள பத்தமடை நினைவுக்கு வராமல் போகாது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஊறவைத்து, மயிரிழைபோல் கீறி, நூல் பாவில் கோத்து முஸ்லிம் நெசவாளர்கள் நெய்யும் பாய் அது. மிக நயமானதைப் பட்டுப்பாய் என்பார்கள். துணியைப் போல மடியும். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு அன்பளிப்பாகப் போனது என்ற பெருமை அதற்கு உண்டு. அவ்வளவு நயமான பாயைத் தினம் மிதிபடும் இடத்தில் போடுவது பாவம். அதே ஊரின் சாதாரண ரகம் போதும். பாய்க்கு இரண்டு எதிரிகள்: ஈரமும் நாற்காலிக் காலும். மழைக்காலத்தில் ஈரத்தரையில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். கனத்த சாமான் ஏறினால் கோரை ஒடியும். எனவே சோபா உள்ள இடத்துக்கு ஜமக்காளம். மேஜை நாற்காலி இல்லாமல் தரையில் உட்காரும் இடத்துக்குப் பாய்.

ஜப்பானியர் அறையின் அளவையே அதில் எத்தனை பாய் கொள்ளும் என்றுதான் சொல்வார்கள். ஒரு பாய் ஏறத்தாழ ஆறடிக்கு மூன்றடி. ஒரு மனிதர் படுக்கும் இடம். நாம் சொன்ன ஹாலின் சன்னலோரத்தில் அத்தகைய ஒரு பாய் விழுந்து, சுவரில் ஒரு திண்டு சாய்ந்தால், அதுதான் அத்தையின் ஓரம்.

வழுக்காமல் இருக்க

இனி அழகை விட முக்கியமான விஷயம். பளபளக்கும் டைல்ஸில் பருத்தி விரிப்பும் கோரைப்பாயும் சறுக்கும். இளம் காலுக்கு அது விளையாட்டு. எழுபது வயதுக்கு அது இடுப்பெலும்பு. விரிப்பின் அளவுக்கு நறுக்கிய ரப்பர் வலையை அடியில் போடுவது சொற்பச் செலவு. ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஓரத்துக் குஞ்சம் கால் விரலில் சிக்கும். முதியவர் உள்ள வீட்டில் குஞ்சத்தை உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். எல்லாவற்றையும் விட, அவர் இரவில் எழுந்து குளியலறைக்குப் போகிற வழியைப் பாருங்கள். அந்த வழி முழுவதும் வெறும் தரையாக இருக்க வேண்டும். பாதி வழியில் விரிப்பு தொடங்கி, பாதியில் முடிவதுதான் ஆபத்து. மூன்று அடி நடைபாதை என்று மேலே சொன்னது கண்ணுக்கு அழகாக மட்டுமல்ல.

சாயத்தையும் சோதித்துவிடுவது நல்லது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த வெள்ளைத் துணியில் ஒரு துண்டை நனைத்து ஜமக்காளத்தின் மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால், முதல் மழை நாளில் தரையும் சிவக்கும். வீட்டில் ராஜபாளையத்து நாய் வளர்ப்பவர்கள் கறுப்பையும் கரும்பச்சையையும் தவிர்ப்பது உத்தமம். பால் வெள்ளை ரோமம் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கும்படி தெரியும்.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் ஒரே ஒரு சோதனை. இதற்குக் காலணாச் செலவில்லை. ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றை நீளத்தில் இரண்டாக மடித்தால் ஏறத்தாழ ஒன்பது அடி நீளம், நாலடிக்குச் சற்றே குறைந்த அகலம். அப்படி இரண்டு பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி விரித்தால் ஒன்பதுக்கு ஆறு வந்துவிடும். வீட்டில் உள்ள எல்லோரும் அதைச் சுற்றி இரண்டு நாள் நடமாடட்டும். நடக்கும்போது மட்டும் அதன்மேல் கால் வைக்க வேண்டாம். எங்கே இடிக்கிறது, எங்கே சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்பது தானே தெரியும்.

நம் கற்பனைக் குடும்பத்திலும் அப்படியே செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சாயங்காலம் மருமகள் சேலையை இழுத்து இழுத்துச் சரி செய்கிறாள். சன்னலோரத்திலிருந்து குரல் வருகிறது:

"இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளிப் போடும்மா. கதவு திறக்கும்போது அடியில் மாட்டிக்கொள்ளப் போகிறது."

மருமகள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறாள். மாட்டத்தான் செய்கிறது.