ஒன்றும் செய்யாத புழு

1985-ஆம் ஆண்டு பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி அமெரிக்காவின் அர்கன்சா ஆற்றில், பைன் பிளஃப் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. பாஸ் மீன் பிடிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. அந்த ஆண்டு பட்டத்தைத் தட்டிச் சென்றவர் அலபாமாக்காரரான ஜாக் சான்சலர். அவர் தூண்டிலில் மாட்டியிருந்தது விரல் நீளத்தில், விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் புழு. ஆட்டுவதற்கு வால் இல்லை, உதறுவதற்குக் கால் இல்லை. அவரே தயாரித்து விற்ற அந்தப் புழுவின் பெயரும் அதையே சொன்னது: 'டூ நத்திங்', அதாவது ஒன்றும் செய்யாதது.

வால் சுருண்டு சுழலும் புழுக்கள் கடைகளை ஆண்ட காலம் அது. தண்ணீரில் விழுந்ததும் துடிக்க வேண்டும், நெளிய வேண்டும், உயிருள்ளதுபோல நடிக்க வேண்டும் என்பதுதான் பொய் இரைக்கு எல்லோரும் வைத்திருந்த இலக்கணம். அப்படியிருக்க, சும்மா வருகிற ஒரு குச்சியை மீன் ஏன் கவ்வியது? பதிலில் பாதி, புழுவுக்கு முன்னால் போன ஈயக்குண்டில் இருக்கிறது.

அடியில் போடும் இந்தத் தூண்டில் அமைப்பை அங்கே 'கரோலினா ரிக்' என்கிறார்கள். நம் ஆற்றங்கரைகளில் ஈயம் கோர்த்துத் தரையில் கிடத்தும் தூண்டிலுக்கு ஒன்றுவிட்ட உறவு. நரம்பில் 15 முதல் 30 கிராம் எடையுள்ள ஈயத்தை ஓடும்படி கோர்க்கிறார்கள். அடுத்து ஒரு கண்ணாடி மணி. அடுத்து, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் காக்கும் ஸ்விவல் வளையம். அதிலிருந்து இரண்டு முதல் நான்கு அடி நீளத்துக்குத் தனி நரம்பு. அதன் நுனியில் முள், முள்ளில் பொய் இரை. தடியை மெல்லப் பக்கவாட்டில் இழுத்தால் ஈயம் தரையை உரசிக்கொண்டு நகரும், சேற்றைக் கிளப்பும், கல்லில் முட்டும். இரையோ பின்னால், சத்தமும் பாரமும் இல்லாமல் மிதந்து வரும்.

மற்ற தூண்டில்களில் மீனைக் கூப்பிடும் வேலையும் கவ்வப்படும் வேலையும் ஒரே பொருளின் தலையில் விழும். இங்கே ஈயம் கூப்பிடுகிறது, இரை காத்திருக்கிறது. கூப்பிடும் வேலை கழன்றுவிட்டதால் முள்ளில் எதை மாட்டுவது என்பதில் ஏராளமான சுதந்திரம் கிடைத்துவிடுகிறது. வழக்கமாக மாட்டுவது ஆறு அங்குல பிளாஸ்டிக் பல்லி, புழு, நன்னீர் நண்டிறாலின் நகல். வழக்கத்தை மீறுகிறவர்கள் மிதக்கும் மரமீனை மாட்டுகிறார்கள். நீரின் மேற்பரப்பில் தத்துவதற்கென்றே செய்த இரையைக் கொண்டுபோய் இருபது அடி ஆழத்தில் இழுக்கிறார்கள். ட்ரவுட் மீனைப் பிடிக்க இறகால் கட்டிய ஈயையும் விடுவதில்லை. வேடிக்கையாகத் தெரியும் இந்தத் தேர்வுகள் ஒவ்வொன்றும் மீனின் புலன்களைப் பற்றி நாம் கேட்கும் ஒரு கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

முதலில் காது. ஈயம் கண்ணாடி மணியில் மோதி எழுப்பும் 'டிக்' ஒலி நண்டிறால் ஓட்டைச் சொடுக்குவதுபோல் இருக்கிறது, அதனால்தான் மீன் வருகிறது என்று தூண்டில்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் பாஸ் குடும்பத்து மீன்களின் செவிப்புலன் கூர்மையாக இருப்பது சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். கெளுத்தி, கெண்டை போன்ற மீன்களுக்குக் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புச் சங்கிலி உண்டு, பாஸுக்குக் கிடையாது. கீச்சென்ற 'டிக்' அதற்கு அவ்வளவாக எட்டாது. ஈயம் தரையில் இடிக்கும் மந்தமான 'தொம்' எட்டும். கிளம்பும் சேற்றுப் புகை கண்ணுக்கும் தெரியும். மணியைக் கழற்றிவிட்டாலும் மீன் வரும் என்றுதான் நினைக்கிறேன். மணியின் உண்மையான பயன், ஈயம் இடித்து முடிச்சு நைந்துபோகாமல் காப்பது.

பக்கத்தில் வந்த மீனுக்குக் கைகொடுப்பது பக்கக்கோடு. செவுளிலிருந்து வால்வரை உடலின் இருபுறமும் ஓடும் இந்த உறுப்பில் நியூரோமாஸ்ட் என்னும் நுண்ணிய முடிசெல் கொத்துகள் இருக்கின்றன. அருகே நீர் அசைந்தால் முடி வளையும்; நரம்புக்குச் செய்தி போகும். இதன் எல்லை குறுகியது. மீனின் உடல் நீளத்தைப்போல ஒன்றிரண்டு மடங்கு தூரம்தான். அந்தச் சிறு வட்டத்துக்குள் பெரிய ஆட்டம் தேவையில்லை. நீரோட்டத்தில் லேசாக அலைகிற குச்சியே போதும்.

மிதக்கும் மரமீனின் கதை இன்னும் சுவையானது. அதன் மூலவர் பின்லாந்துக்காரரான லவுரி ராப்பலா. பெரிய மீன்கள் கூட்டத்தில் எதைத் தாக்குகின்றன என்று கவனித்தவர் அவர். சற்றே தள்ளாடி நீந்தும் குஞ்சுதான் முதலில் பலியாகிறது என்று கண்டு, 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை ஒட்டி, அரக்குக்குப் பதிலாகப் புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசி முதல் இரையைச் செய்தார். தலைக்குக் கீழே நாக்குபோல நீட்டியிருக்கும் சிறு தகடுதான் அதற்கு அந்தத் தள்ளாட்டத்தைக் கொடுக்கிறது. இழுத்தால் கொஞ்சம் முங்கும், விட்டால் மேலே வந்துவிடும். மேல்மட்டத்துக்கென்று பிறந்த பொருள்.

இதையே ஈயத்துக்குப் பின்னால் மூன்றடி நரம்பில் கட்டிப் பாருங்கள். ஈயத்தை இழுக்கும்போது மரமீன் தகட்டால் தண்ணீரை வெட்டித் தலையைக் கவிழ்த்து, வாலை ஆட்டியபடி தரையை நோக்கி இறங்குகிறது. ஈயம் நின்றதும் ஒரு கணம் தயங்கி, வால் மேலாக மெல்ல எழும்புகிறது. எவ்வளவு எழும்பினாலும் தரையிலிருந்து மூன்றடிதான். அதற்குமேல் நரம்பு விடாது. மறுபடி இழுத்தால் மறுபடி இறங்கும். அடித்தரையில் எதையோ கொறித்துவிட்டு மேலே வந்து, மிரண்டு, திரும்பவும் கீழே பாயும் குஞ்சைப்போல. முட்கள் தரைக்கு மேலேயே இருப்பதால் குச்சியிலும் கல்லிலும் மாட்டுவது குறைவு. மூன்று கொத்து முள் உள்ள இரையை அடியில் போடுவது பைத்தியக்காரத்தனம் என்று முதலில் தோன்றும். இறங்கும் ஒவ்வொரு முறையும் அது தரையைத் தொடாமல் திரும்புவதுதான் சூட்சுமம். நரம்பைக் குட்டையாக்கினால் பயணம் குறையும்; இழுவையை நீட்டினால் முள் சேற்றில் பதியும். இரண்டுக்கும் நடுவே கை பழக வேண்டும்.

பிளாஸ்டிக் இரைகளிலும் மிதப்பதும் மூழ்குவதும்தான் சூத்திரம். 1949-இல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் வார்த்த முதல் பிளாஸ்டிக் புழுவுக்குப் பிறகு, பெரும்பாலான புழுக்கள் மென்மையாக்கப்பட்ட பி.வி.சி.யால் ஆனவை. அதன் அடர்த்தி நீருக்கு மிக அருகில். அதோடு சாப்பாட்டு உப்பைக் கலந்தால் அடர்த்தி ஏறும். உப்புச் சுவைக்காகத்தான் மீன் இரையைத் துப்பாமல் வைத்திருக்கிறது என்பது விற்பவர்களின் கட்சி. உப்பு புழுவைக் கனமாக்குகிறது என்பது மட்டும் யாரும் மறுக்க முடியாத இயற்பியல். கேரி யாமமோட்டோவின் புகழ்பெற்ற சென்கோ, பால்பாயின்ட் பேனாவைப் பார்த்து வடிவமைத்தது என்று சொல்லப்படுகிற உருளை. உப்பேறிய அது படுத்தவாக்கில், இரு முனையும் நடுங்க விழுகிறது. இதற்கு நேர்மாறாக, ரப்பர்போல நீளும் வேறொரு வகைப் பிளாஸ்டிக் மிதக்கும். கான்சஸ் பத்திரிகையாளர் நெட் கெட்டியின் பெயரால் வழங்கும் 'நெட் ரிக்'கில், இரண்டு கிராமுக்கும் குறைவான ஈயத்தலை தரையில் உட்கார, மூன்று அங்குலம்கூட இல்லாத இந்தப் புழு வால் மேலாக நட்டுக்கொண்டு நிற்கும். பார்க்க எந்த உயிரையும் போல இருக்காது. அப்படியும் பிடிபடுகிறது.

எதையும் போல இல்லாத ஒன்றை மீன் ஏன் நம்புகிறது? 1973-இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பர்கன் ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீனை வைத்து இதற்கு விடை காட்டினார். அச்சு அசலாகச் செய்த, ஆனால் வயிறு சிவக்காத பொம்மையை ஆண் மீன் கண்டுகொள்ளவில்லை. மீன் வடிவமே இல்லாத கட்டை, அடிப்பகுதி சிவந்திருந்தால் போதும், பாய்ந்து தாக்கியது. விலங்கு பொருளை முழுதாகப் பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு குறிகளைத்தான் பார்க்கிறது. வாயில் அடங்கும் அளவு, தரையை ஒட்டிய இடம், தப்பி ஓடுவதற்கான அவசரமின்மை. பாஸுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் கண்ணும் செதிலும் வரைந்திருக்கிறதா என்பது அதிகம் பொருட்டில்லை போலிருக்கிறது.

நிறத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸின் விழித்திரையில் இரண்டே வகைக் கூம்பு செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். ஒன்று பச்சைக்கு, 535 நானோமீட்டர் அருகே. மற்றது சிவப்புக்கு, 614 அருகே. நமக்கு மூன்று வகை. பழக்கப்படுத்தப்பட்ட மீன்கள் சிவப்பையும் பச்சையையும் தெளிவாகப் பிரித்தன. பளீரென்ற மஞ்சள் பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன, நீலத்தையும் கறுப்பையும்கூட. அமெரிக்கக் கடைகளில் காலங்காலமாக விற்கும் சேர்க்கை கறுப்பும் நீலமும். அந்த நீலத்துக்குக் கொடுத்த காசு யார் கண்ணுக்காக என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கவ்வுதல் என்று நாம் சொல்வது உண்மையில் உறிஞ்சுதல். பாஸ் இமைக்கும் நேரத்துக்குள் வாயை விரிக்க, உள்ளே அழுத்தம் சரிய, நீரும் இரையும் சேர்ந்து பாய்ந்து போகும். அந்த விசைக்கான ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தலைத் தசைகளிலிருந்து வருவதில்லை, நீந்தப் பயன்படும் உடல் தசைகளிலிருந்தே வருகிறது என்று பிரவுன் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்-ரே காணொளி எடுத்துக் கண்டறிந்து 2015-இல் எழுதினார்கள். இவ்வளவு பலம் இருந்தும் உறிஞ்சல் எட்டும் தூரம் ஏறத்தாழ வாயின் விட்டம் அளவுதான். கனமான ஈயம் முள்ளோடு ஒட்டியிருந்தால் அந்தக் குறுகிய நீர்ச்சுழலில் இரை எளிதில் நகராது. தனி நரம்பில் மிதக்கும் நாலைந்து கிராம் இரை சட்டென்று உள்ளே போய்விடும். இறகால் கட்டிய ஈ கரோலினா ரிக்கில் எடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். விலையும் உண்டு. மீன் உறிஞ்சியது மூன்றடி தளர்ந்த நரம்பின் வழியே கைக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். அதற்குள் துப்பியும் விடும். அதனால்தான் இதில் தடியை மேலே வெட்டி இழுக்காமல், பக்கவாட்டில் நீளமாக வீசி இழுக்கச் சொல்கிறார்கள்.

புதிய இரைக்கு மவுசு வருவதற்கு மீனின் நினைவாற்றலும் ஒரு காரணம். டச்சு ஆய்வாளர் பியூகெமா பைக் மீன்களை வைத்துச் சோதித்து 1970-இல் எழுதினார். சுழலும் தகட்டு இரைக்கு ஒருமுறை ஏமாந்தவை அதை விரைவிலேயே ஒதுக்கின. உயிர்மீனை மாட்டினால் மறுபடியும் பிடிபட்டன. தண்டனையோடு சேர்த்து மீன் நினைவில் வைத்தது முள்ளை அல்ல, அந்தத் தகட்டை. கூட்டம் கூட்டமாகப் படகுகள் வந்து ஒரே பல்லியை இழுத்துப்போன ஏரியில் வேறு எதையாவது இழுப்பவருக்கு மீன் கிடைப்பதில் மாயம் ஒன்றுமில்லை. ஆனால் இதற்கு ஆதாரமாகத் தூண்டில்காரர் சொல்லும் கதைகளை நான் பாதிதான் நம்புவேன். மரமீனைக் கட்டி ஏமாந்த நாளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

எந்த இரைக்கும் மசியாத மீன்களும் இருக்கின்றன. இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் 1970-களில் டேவிட் ஃபிலிப் குழு தொடங்கிய சோதனையில், பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். ஒரே ஆண்டில் 16 முறை பிடிபட்ட மீனும் இருந்தது. நான்கு ஆண்டு கழித்து ஏரியை வடித்தபோது கிடைத்த 1,700-க்கும் மேற்பட்ட மீன்களில் சுமார் 200 ஒருமுறைகூடப் பிடிபட்டிருக்கவில்லை. இரு தரப்பையும் தனித்தனியே பல தலைமுறை வளர்த்ததில் இடைவெளி அகன்றுகொண்டே போனது. தூண்டிலுக்கு வசப்படுவது ஓரளவு பரம்பரைக் குணம். எளிதில் பிடிபடும் குலத்து ஆண்கள்தான் கூட்டை மூர்க்கமாகக் காப்பவை என்பது பின்னர் தெரிந்தது.

பாஸில் முட்டைகளைக் காப்பது ஆண். வசந்தத்தில் தரையைத் துடுப்பால் துடைத்துக் குழி செய்து, பெண் முட்டையிட்டுப் போன பிறகு, ஏறக்குறைய சாப்பாட்டை மறந்து காவல் நிற்கும். அப்போது குழிக்குள் பிளாஸ்டிக் பல்லியை இழுத்தால் அது பசியால் கவ்வுவதில்லை. திருடனை வெளியே தூக்கிப்போடத்தான் கவ்வுகிறது. கூட்டுக்குள் நுழைகிற எதையும் தூக்கும் என்பதால் அந்த வாரங்களில் இரைத் தேர்வுக்கே அர்த்தமில்லை. ஆணை மேலே இழுத்த சில நிமிடங்களுக்குள் புளூகில் மீன்கள் முட்டைகளை மொய்த்துவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை வரை பாஸ் பிடிக்கத் தடை இருப்பது இந்தக் கணக்கில்தான்.