ஜப்பானிய மொழி பயிலும் முறை

ஜப்பானிய மொழியைப் பயிலப் புகுவார் பலர் அதன் எழுத்தைக் கண்டு அஞ்சுவர். எழுத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் எனக் கருதி, ஆங்கில எழுத்துக்களிலேயே சொற்களை எழுதிப் பழகுவர். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரும் அவ்வாறே ஓராண்டு பயின்று, தொழிலின்பொருட்டு அந்நாட்டிற்குச் சென்றார். ஒருநாள் காய்ச்சலுற்று மருந்து வாங்கினார். உறைமீதிருந்த சொற்களுள் ஒன்றையேனும் அவரால் படிக்க இயலவில்லை. எப்போது உண்பது என்றறியாது, இரவெல்லாம் அதனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாராம்.

ஆதலின் எழுத்தே முதற்படியாகும். ஹிரகானா, கத்தகானா என்னும் இருவகை எழுத்துக்களும் ஒலியைக் குறிப்பன. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துக்கள் 46. நாள்தோறும் கையால் எழுதிப் பழகின், சில வாரங்களில் இவை கைவரும். மூன்றாம் வகை, சீனத்தினின்று வந்த கஞ்சி எழுத்து. பெயர் நம் செவிக்கு உணவாகத் தோன்றினும், மாணவரை வாட்டுவது இதுவே. 2010-இல் அந்நாட்டரசு திருத்தி வெளியிட்ட பொதுவழக்குப் பட்டியலில் இவை 2,136 உள்ளன. ஜப்பானியச் சிறுவர்களே முதல் வகுப்பில் 80 எழுத்துக்களும், தொடக்கப்பள்ளியின் ஆறாண்டுகளில் 1,026 எழுத்துக்களுமே கற்கின்றனர். நாம் மட்டும் விரைவது எதற்கு?

இவ்வெழுத்துக்களைத் தனித்தனியே நெட்டுருச் செய்தல் பயனற்றது. ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'நிச்சியோபி' என்னும் சொல்லை நோக்குக. அதன் முதலிலும் ஈற்றிலும் நிற்பது ஒரே எழுத்து. முதலில் அது 'நிச்சி' என்றும், ஈற்றில் 'பி' என்றும் ஒலிக்கும். சொல்லோடு சேர்த்துக் கற்றாலன்றி இது விளங்காது.

சொற்றொடரில் நமக்கு இடரில்லை. 'டோக்கியோ தெ ஹொன் ஒ கத்தா' என்பதை, 'டோக்கியோவில் நூலை வாங்கினேன்' எனச் சொல் வரிசை மாறாமலே தமிழாக்கலாம். 'தெ' என்பது 'இல்'. 'ஒ' என்பது 'ஐ'. இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து மீண்டும் தமிழுக்குக் கொணர்வது, வாயிலிருக்க மதிலேறிக் குதிப்பதாகும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு: அவர்தம் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டாது. வாங்கியவர் யார் என்பதை இடம் நோக்கியே உணர்தல் வேண்டும்.

ஒலியிலும் நம் பயிற்சி உதவும். 'ஒபசன்' என்றால் அத்தை. 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறில் நெடில் பிறழ்ந்தால் அத்தைக்கு வருத்தம் உண்டாகும்! எனவே அந்நாட்டார் பேசுவதைக் கேட்டு, உடனே வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் நன்று.

அம்மாணவர் பின்னர் ஹிரகானாவிலிருந்து மீண்டும் தொடங்கினார். எடுத்து வைத்திருந்த அம்மருந்துறையை ஓராண்டு கழித்துத் தாமே படித்தார். 'உணவுக்குப் பின்' என்று அதில் எழுதியிருந்ததாம்.