ஒரே வாணலியில் கோழி பாஸ்தா

பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடித்தால், சாஸைக் கெட்டியாக்கும் மாவுச்சத்து வடிநீரோடு போய்விடும். ஒரே வாணலியில் சமைத்தால் அது சாஸிலேயே தங்கும்.

எலும்பில்லாத கோழித் துண்டுகளை உப்பு, மிளகுத்தூளில் பிரட்டி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொருக்கில்தான் ருசி இருக்கிறது, கழுவிவிடாதீர்கள். அதிலேயே பூண்டை வதக்குங்கள். 200 கிராம் பாஸ்தாவைப் போட்டு, சுமார் 600 மில்லி தண்ணீர் ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறுங்கள். தண்ணீர் பாதி சுண்டியதும் கோழியைச் சேர்த்து முழுதாக வேகவிடுங்கள். கிரீமைக் கடைசியில், தீயைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். தளதளவென்று கொதித்தால் திரிந்துபோகலாம். அடுப்பை அணைத்த பிறகு சீஸ் துருவலைத் தூவுங்கள். ஆறினால் இறுகிவிடும், சூடாகவே பரிமாறுங்கள்.