மேலே கறுப்பு, கீழே வெளிச்சம்: கூலிங் கிளாஸ் விற்போர் கவனத்திற்கு

யாழ்ப்பாணத்தில் பென்சிச் சாமான் விற்கும் நம்மவர் கடைகளில், சுழலும் ஸ்டாண்டில் கூலிங் கிளாஸ் தொங்காத கடை குறைவு. வாங்க வருபவர் பிரேமைப் பார்க்கிறார், விலையைக் கேட்கிறார், கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்தக் கண்ணாடி கண்ணுக்கு என்ன செய்கிறது என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. சொல்லத் தெரிந்த வியாபாரிக்கு இதில் நல்ல இலாபம் உண்டு.

மேலே கறுத்து, கீழே வரவர வெளிறிப் போகும் கண்ணாடியை கிரேடியன்ட் என்கிறார்கள். இது வெறும் அழகுக்கு வந்ததல்ல. வானத்து வெளிச்சம் மேலிருந்து வருகிறது. வாகனம் ஓட்டுபவர் பார்க்க வேண்டிய ஸ்பீடோமீற்றரோ கீழே இருக்கிறது. முழுதும் கறுத்த கண்ணாடி போட்டால் வீதி குளிர்ச்சியாகத் தெரியும், மீற்றர் இருட்டாகிவிடும். கிரேடியன்ட் போட்டவருக்கு இரண்டும் தெரியும். விமானிகள் இதை விரும்பியதும் இதே காரணத்தால்தான்.

நமது குடாநாட்டுக்கு இது இன்னும் பொருத்தம். மலையில்லாத தட்டைப் பூமி. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும், நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளில் சரக்குக் கொண்டு திரிபவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும் நல்ல வாடிக்கையாளர்கள். வாசிக்கும் பவர் பைபோக்கல் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. கிரேடியன்டிலும் கீழ்ப்பகுதிதான் வெளிச்சம். ஆகவே வெயிலில் நின்றே பில்லை வாசிக்கலாம், காசை எண்ணலாம். சீஆர்-39 என்னும் பிளாஸ்ரிக் வில்லையைச் சூடான சாயத் தொட்டியில் இறக்கி மெதுவாக மேலே தூக்கினால், அதிக நேரம் சாயத்தில் நின்ற பக்கம் கறுத்தும் மற்றப் பக்கம் வெளிறியும் வரும். செய்முறை இவ்வளவுதான் என்பதால், பவர் வில்லையிலும் இதைச் செய்து தரும்படி கேட்கலாம்.

எல்லோருக்கும் இதையே தலையில் கட்டிவிடவும் கூடாது. பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கீழிருந்து அடிக்கிறது. கீழே வெளிறிய கண்ணாடி அங்கே உதவாது. அவர்களுக்குப் போலரைஸ்ட் கண்ணாடியைக் காட்டுங்கள்.

இனி முக்கிய விஷயம். கறுப்பு வேறு, பாதுகாப்பு வேறு. கண்ணைக் கெடுக்கும் புறஊதாக் கதிரை மறிப்பது சாயம் அல்ல. வில்லையின் பொருளும் அதில் சேர்த்த மருந்துமே. நிறமே இல்லாத பொலிகாபனேற் வில்லை அதை மறிக்கும். கரிபோலக் கறுத்த மலிவு வில்லை மறிக்காமலும் போகலாம். அதுதான் அதிக ஆபத்து. இருட்டில் கண்மணி விரிய, கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். கண்ணில் சதை வளர்வதற்கும் வெண்புரைக்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். யூவீ 400 என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது மட்டும் சாட்சியாகாது. ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்.

கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு மேசையில் இருக்கிறதல்லவா? கடையின் உள்ளே, வெளிச்சம் குறைந்த இடத்தில், நோட்டில் ஒளிரும் அடையாளத்தை முதலில் பாருங்கள். பிறகு விளக்குக்கும் நோட்டுக்கும் இடையே வில்லையின் வெளிறிய கீழ்ப்பகுதியைப் பிடியுங்கள். அடையாளம் பளிச்சென்று ஒளிர்ந்தால் அந்தச் சரக்கை வாங்காதீர்கள். இது ஆய்வுகூடச் சோதனை அல்ல. ஆனால் மோசமான சரக்கைப் பிடிக்கப் போதும். அப்படியே இரண்டு வில்லையிலும் கறுப்பு ஒரே மட்டத்தில் முடிகிறதா என்று வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். யன்னல் கம்பியை அதனூடே பார்த்துக் கண்ணாடியை அசைக்கும்போது கம்பி நெளிந்தால் அதுவும் கழிவுதான்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததையும், ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்ததையும் நாம் அறிவோம். வாங்குபவரால் கண்ணால் காண முடியாத குறைக்குக் கூலிங் கிளாஸைவிட வேறு உதாரணம் வேண்டுமா? பாஷனுக்கு மட்டும் ஆன கண்ணாடியை அப்படியே சொல்லி, அந்த விலைக்கே விற்கலாம். யூவீ என்று சொல்லி விற்பதானால் விளக்கை அடித்துக் காட்டியே விற்க வேண்டும். காட்டினால் இருநூறு ரூபாய் கூடக் கேட்டாலும் வாங்குபவர் முகம் சுளிக்கமாட்டார்.

1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டு வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்த 2009க்குப் பின் திரும்பி வந்து, கடன் முதலில் கடை திறந்தவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு ஓடாத சரக்கு பெரும் பாரம். எனவே நிறத்தில் விளையாடாதீர்கள். சாம்பல் நிறம் நிறங்களை மாற்றாமல் காட்டும். கபிலம் காட்சியைத் தெளிவாக்கும். இந்த இரண்டிலும் முதலைப் போடுங்கள். நீலமும் இளஞ்சிவப்பும் பெருநாள் காலத்துக்குக் கொஞ்சம் போதும். பிரேமின் கையில் 0 முதல் 4 வரை ஒரு தர எண் இருந்தால் கவனியுங்கள். நமது வெயிலுக்கு 2 அல்லது 3 சரி. 4 வாகனம் ஓட்டுபவருக்கு ஆகாது.

அடுத்த முறை கொழும்பு புறக்கோட்டைக்குக் கொள்முதலுக்குப் போகும்போது அந்தச் சின்ன விளக்கையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டசினுக்கு இரண்டை எடுத்து, மொத்த வியாபாரியின் முன்னாலேயே அடித்துப் பாருங்கள்.