தமிழ் விவிலியத்தில் விரும்பத்தகா உணவுகள்: நான்கு சொற்கள்

அயல்நிலத்து உணவுப் பெயரை மொழிபெயர்ப்போர், பொருளின் அடையாளத்தைக் காப்பதா, அது எழுப்பும் உணர்வைக் காப்பதா என்னும் சிக்கலை எதிர்கொள்கின்றனர். உண்ணத் தகாத உணவுகளில் இச்சிக்கல் மிகுகின்றது. 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சேறிய பின்னர் தமிழ் விவிலியம் பலமுறை திருத்தப்பட்டது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871இல் வெளிவந்து, இன்று 'பழைய திருப்புதல்' என வழங்கும் பதிப்பின் நான்கு சொற்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பஞ்சகாலத்தில் ஒருவன் அறியாமல் கூழ்ப்பானையில் அரிந்திட்ட காய் (2 இராஜாக்கள் 4:39) 'பேய்க்கொம்மட்டி' எனப்படுகின்றது. எபிரேய மூலம் சுட்டும் காயை அறிஞர் பலரும் இக்கொடியின் காயாகவே கொள்வர். கடும் பேதியை உண்டாக்கும் இக்கொடி தமிழகத்து வறண்ட நிலங்களிலும் வளர்வதால், பொருளும் உணர்வும் ஒருங்கே அமைந்தன.

'எட்டி'யின் நிலை வேறு. வெளிப்படுத்தின விசேஷம் 8:11இல் கிரேக்க மூலம் கூறும் 'அப்சிந்தோஸ்', மாசிபத்திரி இனத்தைச் சார்ந்த கசப்புச் செடி. எட்டியோ நச்சு விதையுடைய மரம். எனினும், கசந்த நீரால் மனிதர் மாண்டனர் என்னும் செய்திக்கு எட்டியே வலுச் சேர்க்கின்றது. அதேவேளை, கசப்பை மட்டும் உவமிக்கும் நீதிமொழிகள் 5:4இல் நஞ்சின் சாயலும் ஏறிவிடுகின்றது.

இளைய குமாரன் விரும்பிய பன்றித் தீனி (லூக்கா 15:16) மூலத்தில் கரோப் மரத்தின் நெற்று, தமிழில் 'தவிடு'. நெற்று மனிதரும் உண்ணத்தக்க இனிப்புடையது. அவ்வினிப்பு தமிழில் மறைந்தது. நெல் விளையும் நாட்டார்க்கு அவனது தாழ்நிலை மட்டும் உடனே விளங்கிற்று.

சிலுவையில் இயேசுவுக்கு அளிக்கப்பட்ட 'காடி'யே (யோவான் 19:29) முதன்மையானது. மூலச்சொல் புளித்த திராட்சை மதுவைக் குறிக்கும். அது உரோமைப் போர்வீரர் நீர் கலந்து அன்றாடம் பருகிய எளிய பானம். தமிழில் காடி என்பது புளித்த கஞ்சிநீரையும் குறிக்கும். அதுவும் எளியோர் பானமே. "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்னும் பழமொழி அதன் தாழ்ந்த மதிப்பைக் காட்டும். இப்பொருள் வழக்கொழிந்து வருவதால், இன்றைய வாசகர் காடியைக் கொடுமையின் அடையாளமாக மட்டுமே கொள்ள நேர்கின்றது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'புளித்த திராட்சை இரசம்' என்கின்றது. பொருள் துல்லியமாயிற்று, ஆனால், அப்பானம் எத்தகையோருடையது என்பதை அத்தொடர் உணர்த்தவில்லை.

ஆகவே, இத்தகைய சொற்களை மதிப்பிடுங்கால் தாவர ஒப்புமை மட்டும் போதாது. அவ்வுணவை எவர், எந்நிலையில் உண்டனர் என்பதையும் ஒப்பிடுதல் வேண்டும்.